ஆளில்லாத ஊரில் என் வீட்டுப் பெருமை

போன மாதம் மனைவியோடு இத்தாலிக்குப் போயிருந்தேன். தெற்கே, மலையுச்சியில் ஓர் ஊர் – எழுநூறு, எண்ணூறு வருஷம் பழையது. மண் சரிவுக்குப் பயந்து சனம் முழுக்க இறங்கிவிட்டது. இப்போது புறாக்கள்தான் குடித்தனம். தலையில் ஹெல்மெட் மாட்டித்தான் உள்ளே விடுகிறார்கள்.

எனக்கா ஹெல்மெட் புதிது? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கனடாவுக்கு வந்து, மொன்றியல் உணவகங்களில் கோப்பை கழுவி, கட்டட வேலைக்குப் போய், புறநகர் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு எழுப்பியவன். அந்த வீட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! படித்துச் சலித்தவர்கள் இன்று சந்தோஷப்படலாம்.

கூரை போன ஒரு வீட்டைக் காட்டி, "ஊரிலேயே பெரிய வீடு இதுதான்," என்றாள் வழிகாட்டிப் பெண்.

சும்மா இருக்க முடியுமா? "என் வீட்டில் ஐந்து பாத்ரூம்," என்றேன், என் ஆங்கிலத்தில்.

"அப்படியா! எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

நான் வாய் திறக்கும் முன் மனைவி இரண்டு விரலைக் காட்டினாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்...

இறங்கும்போது மனைவி தொடங்கினாள். "இஞ்சேருங்கோ, மூண்டு பிள்ளையளும் போயிட்டினம். ஆருக்காக அந்த வீட்டைக் காக்கிறம்? சுபா எவ்வளவு கேட்டவள்?"

சுபா எங்கள் கடைசி மகள். மொன்றியல் நகருக்குள்ளேயே, நோத்ர-டாம்-த-கிரேஸில் மாடி வீடு வாங்கியிருக்கிறாள். கீழ் வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு வருஷமாகக் கேட்டாள். "நான் எழுப்பின வீட்டை விட்டிட்டு, மகளுக்குக் கீழ குடியிருக்கிறதோ?" என்று நானும் ஒரு வருஷமாகத் தட்டிக் கழித்தேன்.

மண் சரிந்த அந்த ஊரில் சனம் ஒன்றாக இறங்கியது. எங்கள் வீட்டில் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்... நான் கவனிக்கவில்லை.

அடிவாரத்தில் நின்றே போன் எடுத்தேன். "பிள்ளை, நாங்கள் வாறம்."



"அப்பா... நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சு, போன கிழமைதான் கீழ் வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டன். கைக்குழந்தையோட ஒரு குடும்பம். அவையளை வீட்டை விட்டு எழுப்பேலாது அப்பா."

மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ. திருப்பிக் குடுக்கவேணும்," என்றாள். அவ்வளவுதான்.

கோப்பை கழுவித் தொடங்கியவன், இப்போது சனிக்கிழமை தோறும் யாரும் குளிக்காத பாத்ரூம்களைக் கழுவுகிறேன்.