வெயில்ல ஆடிட்டு வந்தான்

ஃப்ளூ பரவுவதால், வேலைக்கு வருபவர்கள் முகக்கவசம் அணிய வேண்டுமென்று எங்கள் அடையாறு அடுக்ககத்தின் லிஃப்டில் ஒட்டியிருக்கிறார்கள். குடியிருப்பவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இன்று காலை என் இருமலைக் கேட்டு, வீட்டு வேலை செய்யும் செல்வி வாசலிலேயே நின்றாள்.

"அவருக்கு ஏசி ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றாள் மருமகள்.

சின்ன வயதில், சாந்தோமில் என் அம்மாவும் இப்படித்தான் சொன்னாள். காய்ச்சல்காரர்கள் யாரோடும் பழகக் கூடாதென்று கார்ப்பரேஷன் வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிப் போன நாட்கள் அவை. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் கறி கூடாது, மீன் வேண்டும். என் நெற்றித் தைலத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அம்மா மீன்கார எலிசாவைக் கூப்பிட்டாள். வழக்கம்போல் செவுளைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தேன். எலிசா என் கழுத்தைத் தொட்டாள்.

"இன்னா நைனா, இப்டிக் கொதிக்குது?"

"வெயில்ல ஆடிட்டு வந்தான்" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன்.

சில நாளில் எலிசா காய்ச்சலில் இறந்தாள். "குப்பத்துல சுத்தம் ஏது?" என்றார் ஆசிரியரான அப்பா. நோயைக் கொடுத்தவர்கள் நாங்கள், சுத்தமில்லாதவள் அவளாம்.

"எனக்குக் காய்ச்சல்தான்மா" என்றேன் செல்வியிடம். "வீட்டுக்குப் போ. சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம்."

"நேத்து என்னாண்டதானே காபி வாங்கினீங்க தாத்தா. அப்பவே இருந்துச்சா?"

"இருந்தது" என்றேன்.