மகள் அறைக் கதவு

என் வீட்டுக்காரர் தச்சர். ஊரில் பாதி வீட்டுக் கதவுகள் அவர் மாட்டியவை. அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். "இப்ப இழைச்சா வெயில்ல மரம் சுருங்கி இடைவெளி விழும். பொறுங்க" என்பார். அடுத்த வீட்டுக்குச் சரி. சொந்த வீட்டுக்கும் அதே சட்டம் போட்டார் பாருங்கள், அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஒரே மகளுக்கு இருபத்திரண்டு வயது. பத்து வயதிலிருந்து வலிப்பு. அந்த மழையில் அவள் அறைக் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டது. தோளால் முட்டினால்தான் திறக்கும். பயந்துபோய் அவள் அதைப் பாதி திறந்தே வைத்திருந்தாள். அதற்கும் இவர் விடவில்லை.

"சாத்தி வைம்மா. திறந்தே கிடந்தா ஈரத்துல கதவு முறுக்கிக்கும்."

"உள்ள எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? என் கதவு எனக்குத் தெரியாதா?"

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். சாத்தினாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். உள்ளே தொப்பென்று சத்தம். பிறகு குதிகால் கதவில் தடதடவென்று அடிக்கும் ஓசை. ஓடினோம். அது உள்பக்கம் திறக்கும் கதவு. அவள் அதன்மேலேயே சாய்ந்து விழுந்திருந்தாள். அவர் மோதினார். மேலே மரம் கவ்விப் பிடித்திருந்தது, கீழே பிள்ளை கிடந்தாள். கழற்றலாம் என்றால் கீல்களும் உள்பக்கம். "அவமேல படுதுங்க, இடிக்காதீங்க!" என்று நான் அலறினேன்.

அப்போது அந்தத் தடதட நின்றுவிட்டது.

"ஐயோ, சத்தத்தையே காணோமே!" என்றவர் உளியை எடுத்தார். அவசரத்தில் முதல் சுத்தியல் அடி அவர் விரலில் விழுந்தது. மேல்பலகையைப் பிளந்து, துண்டுகள் அவள்மேல் விழாமல் வெறுங்கையால் தன் பக்கம் பிய்த்து இழுத்தார். நான் முக்காலியில் ஏறி அந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்தேன். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. ஒருக்களித்துப் போட்டேன். நுரை வழிந்தது. எவ்வளவு நேரமோ, கடைசியில் ஒரு மூச்சு இழுத்தாள். வெளியே அவர், "சொல்லுடி, ஏதாவது சொல்லுடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்தாள். அன்றே கதவைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டார். ஒரு மாதம் அவள் உடை மாற்றக் குளியலறைக்குப் போய் வந்தாள். பிறகு ஒருநாள் கேட்டாள்.

"அப்பா, எனக்குக் கதவு வேணும்."

"அத மட்டும் கேக்காதம்மா."

"நோயாளின்னா வயசுப் பொண்ணு இல்லையாப்பா?"

மூன்றாம் நாள் அவர் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி புதுக் கதவு மாட்டினார். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. வேறு எந்த வீட்டிலும் இந்த வேலைக்கு வசவுதான் கிடைக்கும். எல்லாம் முடிந்து அவள் உள்ளே போனாள். அவர் கதவின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார்.

"கைய எடுங்கப்பா."

எடுக்கவில்லை. அவளே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். மனிதர் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. என் காது கதவில் இருந்தது.