மறைந்து நின்ற முப்பது

அந்த ஊரில் அவளை ஏட்டம்மா என்று கூப்பிடுகிறவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் முப்பதம்மா. வயதைச் சொல்லி வந்த பெயரல்ல. ஐம்பதைத் தொட இன்னும் இரண்டே வருடம்தான். மருத்துவமனைச் சரிவில் நின்றுகொண்டு நாளைக்கு நூறு தடவை "முப்பதுல வாங்க, முப்பதுல வாங்க" என்று கத்திக் கத்தி ஒட்டிக்கொண்ட பெயர். "ஆபீசுக்குள்ள உக்கார்ற மாதிரி ஒரு வேலை உனக்குக் கெடைக்கவே கெடைக்காதாம்மா?" என்று காலேஜில் படிக்கும் மகள் கேட்பாள். அங்கே மகளை முப்பதம்மா பொண்ணு என்கிறார்களாம்.

ஊருக்குள் வரும் சாலை மேட்டிலிருந்து இறங்கி, பாதிச் சரிவில் ஒரு வளைவெடுத்து, நேரே மருத்துவமனை வாசலில் வந்து விழும். மேட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகம் போகலாம். வளைவுக்குச் சற்று மேலேயே அது முப்பதாகிவிடும். வாசலுக்கு எதிர்ப்பக்கம்தான் மருந்துக்கடைகளும் பஸ் நிறுத்தமும். ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டும், தூக்குப்பாத்திரத்தோடும் காலையிலிருந்து ஜனங்கள் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஆறு வருடமாக அவளுக்கு அங்கேதான் வேலை. கையில் வேகம் பார்க்கும் கருவி. ஊர்க்காரர்கள் அதைத் துப்பாக்கி என்பார்கள். முப்பதைத் தாண்டி வருகிற வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, நம்பரைக் குறித்து, சலான் கிழித்துக் கொடுக்க வேண்டும். வெயில் பழகிவிட்டது. காலில் சுருண்ட நரம்பும் பழகிவிட்டது. பழகாதது காது மட்டும்தான். மாமியார் சீரியஸ் என்பார்கள், பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள், எம்.எல்.ஏ. எனக்குச் சொந்தம் என்பார்கள். அதிலும் பத்துப் பேரில் ஏழு பேர் சொல்வது ஒன்று உண்டு: "பலகையே கண்ணுல படலையேம்மா."

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாள்ல கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்டபடியே அவள் எழுதிக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து நாள் வார்டில் கிடந்த பெரியவர் ஒருவர், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் பிடித்தபடி வாசலைத் தாண்டினார். வளைவில் திரும்பி வந்த காய்கறி வேன் அவரை இடித்துச் சாய்த்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, இடது கால் முறிந்தது. எழுந்து வந்த அதே வார்டுக்கு, அதே கட்டிலுக்குத் திரும்பத் தூக்கிப்போனார்கள். விரிப்பைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை.

கருவியில் ஐம்பத்திரண்டு என்று காட்டியது. வேன்காரன் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அழ ஆரம்பித்தான்.

"ஏன்யா, முப்பதுன்னு எழுதிப் போட்டிருக்குல்ல? எழுத்து தெரியாதா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா பலகையப் பாக்கலைம்மா. பாத்திருந்தா மிதிச்சிருப்பேன். இந்த ஊருக்கு இப்பத்தான் மொத தடவையா வர்றேன்."

அவன் அழுத அழுகை மற்றவர்கள் அழுவதைப்போல் இல்லை. சலானுக்குப் பயந்த அழுகையில்லை அது.

அன்று ஜீப்பில் அவனை ஏற்றி அனுப்பிய பிறகு, காலை இழுத்து இழுத்து அவள் மேடேறினாள். அவள் வீடும் ஸ்டேஷனும் ஊருக்குள்ளேயே இருந்ததால், சரிவின் மேல்பக்கம் போய் நாளாகிவிட்டது. பலகை நட்ட அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். அதனால் அது அங்கே இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. மேட்டு உச்சியில் திரும்பி, வண்டிக்காரனைப்போல் சாலையைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். பலகை தெரியவில்லை. இன்னும் இருபது அடி நடந்தாள், தெரியவில்லை. அன்றைக்கு இடுப்புயரம் இருந்த சாலையோரத்து மரம் இரண்டாள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒரு கிளையைப் பலகையின் முகத்துக்கு நேரே தழைய விட்டிருந்தது. கிட்டப் போய் இலையை விலக்கித்தான் முப்பதைப் பார்க்க முடிந்தது.

அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஆறு வருடத்தில் கிழித்த சலான் புத்தகங்கள் கண்முன்னே வந்தன. எத்தனை பேரைக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று கேட்டிருப்பாள்!

நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதினாள். பலகை எங்களுடையது, மரம் நகராட்சியுடையது என்று பதில் வந்தது. நகராட்சிக்குப் போனாள். "மரம் எங்களுதுதான். ஆனா அது நிக்கிற மண்ணு நெடுஞ்சாலைக்காரங்களுது" என்றார் அங்கிருந்த கிளார்க், மேஜையை விட்டு முகத்தைத் தூக்காமல். இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். "எழுதியாச்சுல்ல? அவங்க பாத்துப்பாங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க ஏட்டம்மா" என்றார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் அதே வாசலில் ஒரு சைக்கிள்காரருக்கும் அடிபட்டது.

அவள் கணவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "ஏங்க, உங்க ரம்பம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கு? இன்ஸ்பெக்டர் கழுத்துக்கா?"

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆறு நாளும் வண்டிக்காரன அறுக்குற. ஏழாவது நாள் மரத்தையா?" என்று முனகினாலும் மேலே ஏறியவர் அவர்தான், ஏணியை அவள் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் கிளை விழுந்தது. பலகையில் படிந்த அழுக்கையும் அவர் தன் கைத்துண்டால் துடைத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் வளைவில் திரும்பிய வண்டிகள் தாமாகவே மெதுவாக வந்தன. கருவி இருபத்தெட்டு காட்டியது, முப்பத்தொன்று காட்டியது, மறுபடி இருபத்தேழு. அவளுக்குக் கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான்கே கேஸ்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? தெனம் முப்பது கேஸ் வந்த எடம். நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"

"வண்டிங்க மெதுவா போகுது சார். இந்த வாரம் ஒருத்தருக்கும் அடிபடல."

"அடிபடாததுக்குக் கணக்கு எழுத எங்கம்மா கட்டம் போட்டிருக்கான்?" மேலிடத்துக்கு அனுப்பும் தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. "போன மாசம் எவ்வளவு, இந்த மாசம் எவ்வளவு, ஏன் கொறஞ்சுதுன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்றது?"

"கிளைய வெட்டியாச்சுன்னு சொல்லுங்க சார்."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இத நீங்க எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. அனுமதியின்றிப் பொதுமரத்தில் கைவைத்தது ஏன்? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். முதலில் இரண்டு பக்கம் எழுதி, கிழித்துப்போட்டு, கடைசியில் 'பலகை தெரியவில்லை, அதனால் வெட்டினேன்' என்று ஒரே வரியில் முடித்தாள். கையெழுத்துப் போடும்போது கை வலித்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் சரிவிலிருந்து மாற்றி, பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் கொட்டகைக்குக் காவல் போட்டார்கள்.

"இப்பவாவது உக்கார்ற வேலை கெடைச்சுதே" என்றாள் மகள், தைலம் தேய்த்துவிட்டபடி. அதில் கிண்டல் இல்லை.

"வருத்தமா இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"தெரியல. கால் வீக்கம் வடிஞ்சிருக்கு" என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து, அவள் இடத்துக்கு வந்த இளம் காவலர் போனில் பேசினார். சரிவில் கேஸ் கிடைக்கவில்லை என்று கருவியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுபக்கம், பாலத்தடிக்குப் போகச் சொல்லிவிட்டாராம் இன்ஸ்பெக்டர்.

"அங்க சும்மா அள்ளுதுக்கா. ஒரு மணி நேரத்துல பன்னெண்டு."

கொட்டகை நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"தம்பி, பாலத்துக்கு அந்தப்பக்கம் போயி, வண்டிக்காரன் மாதிரி ஒரு தடவ நடந்து வந்து பாரு."

"எதுக்குக்கா?"

மரம், பலகை, நெடுஞ்சாலை, நகராட்சி என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரிக்கா, பாக்குறேன்" என்றார்.

போய்ப் பார்த்தாரா என்று அவள் பிறகு கேட்கவில்லை.