அம்மனை ஏற்றிய டர்போ லாரி

மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப் இறுக்கிக் கட்டிய ஒரு பால்பவுடர் டின். மாசி மகத்தன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் அதைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். கறுப்பு எண்ணெய் தரையில் வழிந்தது. "யார்கிட்டயும் சொல்லாத. முதலாளி காதுக்குப் போனா ஸ்டீரிங்க வாங்கிடுவாரு" என்றார்.

எண்பதுகளின் கடைசி அது. தேங்காய்த்திட்டிலிருந்து மீன் ஏற்றிப்போக முதலாளி புதிதாக ஒரு டர்போ லாரி வாங்கி, சாவியை இவரிடம் கொடுத்திருந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு தொல்லை. இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேற அடியில் ஒரு குழாய் உண்டு. அதன் வழியாக எண்ணெயும் சொட்டும். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் வண்டி நின்ற இடமெல்லாம் கறை. அதனால் குழாய்க்குக் கீழே ஒரு டின்னைக் கம்பியால் தொங்கவிட்டார். எண்ணெய் டின்னில் சேர்ந்தது, புகை வெளியே போனது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் வண்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

மாசி மகத்துக்கு எங்கள் தெரு அம்மனை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு ஏற்றிப்போக அந்த லாரியைக் கேட்டார்கள். முதலாளியும் சரியென்றார். அம்மன் வரும் வழியெல்லாம் பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். தரையில் விழுந்து கும்பிடுவார்கள். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் மானம் போய்விடும் என்று இவர் டின்னை மூடி, குழாய் நுழையும் இடத்தையும் டியூபால் இறுக்கிவிட்டார். புகை போக ஒரு சின்ன ஓட்டைகூட விடவில்லை. அதே நேரத்தில் நான் வண்டியின் முகப்பில் மஞ்சள் குங்குமம் வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்தேன்.

கடல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி திடீரென்று ஓங்கி இரைந்தது. போக வழியில்லாத புகை உள்ளுக்குள்ளேயே முட்டி, எண்ணெயை, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ வழியாக இன்ஜினுக்குள் தள்ளிவிட்டது. டீசலை நிறுத்தியும் அந்த எண்ணெயைக் குடித்தே இன்ஜின் ஓடியது. சுற்றிலும் பிள்ளைகள். இவர் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழு மூச்சாக மிதித்துக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள், பட்டுப்புடவையெல்லாம் கரி.

மெக்கானிக் வருவதற்குள் இவர் டின்னைக் கழற்றிவிட்டார். டர்போ போய்விட்டது, காரணம் தெரியவில்லை என்றார் மெக்கானிக். காரணத்தைத் தெரு கண்டுபிடித்துக்கொண்டது. சாயங்காலமே நாலைந்து பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் கேட்டார்.

"ஏன்டி, வண்டிக்கு மால கட்டினியே, நீ தூரமாவா இருந்த? மறைக்காம சொல்லிடு."

எனக்கு மாதவிலக்கு முடிந்து பல நாள் ஆகியிருந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அவ இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து நகத்திலிருந்த எண்ணெய் அழுக்கை நோண்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றேன்.

மறுநாள் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு கோயில் வாசலில் நின்று, ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்டேன். ஆம்பளைகள் முன்னால் என் உடம்பைப் பற்றியே பேச்சு. வெட்கத்தில் செத்துப் பிழைத்தேன். கூட்டத்தோடு கூட்டமாக இவரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். இவரும் ஸ்டீரிங்கை விட்டு வெகுகாலம் ஆயிற்று. இன்று உண்மையைச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. இவருக்குத்தான் வாய் வரவில்லை. எனக்கும் விலக்கு நின்று எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மாசி மகத்தன்று அம்மன் தெருவுக்குள் வந்தால் நான் வாசலுக்குப் போவதில்லை. இவர் மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு எனக்கும் குங்குமம் வாங்கிவருவார். நெற்றியில் வைத்துக்கொள்வேன். அவர் முகத்தைப் பார்க்க மட்டும் எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.