முன்சக்கரத்துக்கு மட்டும் வந்த சுகம்

ஒரு வசதி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அதைச் செய்தவரிடம் கேட்க வேண்டுமா, அல்லது அதற்காக நன்றி சொல்லும்படி வற்புறுத்தப்பட்டவரிடம் கேட்க வேண்டுமா? நலத்திட்டங்களைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தக் கேள்வி இன்றும் எனக்குள் எழுகிறது. ஆனால் முதன்முதலாக அது என்னைப் பிடித்தது எட்டு வயதில், சூடேறிய பெட்ரோல் டேங்கின் மேல் நான் அமர்ந்திருந்த ஒரு காலையில். தொடையில் இரும்பின் கொதிப்பும் மூக்கில் எஞ்சின் ஆயிலின் நெடியும் இருந்தன என்பது நன்றாக நினைவிருக்கிறது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அம்மா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியை. காலையில் என்னை முன்னால் டேங்கிலும் அம்மாவைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு, என்னைப் பள்ளியிலும் அம்மாவைப் பேருந்து நிலையத்திலும் இறக்கிவிட்டு அப்பா அலுவலகம் போவார். வண்டி எப்போதோ ராணுவ ஏலத்தில் எடுத்தது. தெருவில் அதற்கு "மிலிட்டரி வண்டி" என்றே பெயர். முன்சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கவைக்கு நடுவில் ஒற்றை ஸ்பிரிங் இருந்தது. பின்சக்கரம் சட்டத்தோடு நேராகப் பூட்டப்பட்டது. அங்கே ஸ்பிரிங் என்று எதுவும் கிடையாது. அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே திருகிவைத்திருந்த, கல்லாய் இறுகிப்போன சிறு மெத்தையில்தான் அம்மா புடவையோடு ஒருக்களித்து, மடியில் சாப்பாட்டுப் பையுடன் உட்கார வேண்டும்.

என்னைப் பெற்றதிலிருந்தே அம்மாவுக்கு இடுப்பு வலி. குலுங்கும் வண்டியில் தினமும் போனால் ஒருநாள் நிற்கவே முடியாமல் போகும், வேலையை விட வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மா ஒரு மொபெட் கேட்டாள்.

"பொம்பள தனியா வண்டில போனா ஊரு இன்னா பேசும்? உன் இடுப்புக்குதானே கேக்குற? இந்த வண்டியவே மாத்தித் தரேன், இரு" என்றார் அப்பா.

அப்படி உருவானதுதான் எங்கள் வீட்டின் அந்தப் பெரிய தியாகம். டவுனில் பட்டறை வைத்திருந்த சலீம் பாயிடம் வண்டியை விட்டு, பழைய கவையைக் கழற்றி எறிந்துவிட்டு, புது மாடல் வண்டியொன்றின் "டெலஸ்கோப் போர்க்" பூட்டச் செய்தார் அப்பா. உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் நிரம்பிய இரண்டு பளபளக்கும் குழாய்கள். வண்டி வீடு வந்த அன்று தெரு ஆண்கள் அனைவரும் கூடி, ஆளுக்கொரு முறை ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தார்கள்.

"பூ மாதிரி எறங்குது பாருங்க!" அப்பாவின் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தின் கீழ் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். பின்சக்கரத்துக்கு வைக்கவில்லை. முன்னால்தானே வேலை நடந்தது, அங்கே வைத்தால் போதும் என்பது அவர் கணக்கு.

"பின்னாடியும் ஒண்ணு வையிங்க. அங்கதான் நான் உக்காரேன்" என்றாள் அம்மா. தெரு சிரித்தது. எலுமிச்சம்பழம் வரவில்லை.

புதிய குழாய்கள் பழைய கவையைவிட நாலு விரற்கடை நீளம். வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிட்டதால் பின் மெத்தை வால் பக்கமாகச் சரிந்து நின்றது.

"என்னங்க, உக்காந்தா பின்னால வழுக்குது."

"அதெல்லாம் பழகிடும்."

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, இதைப் பொறுக்கவில்லை. "எந்த ஆம்பள பொண்டாட்டி இடுப்புக்காக வண்டிய பிரிச்சு மாட்டுறான்? குடுத்து வெச்சவ நீ. அதுலயும் குத்தம் கண்டுபுடிக்கிற பாரு!"

"பூ அவரு கைக்கு, அக்கா. என் இடுப்புக்கு முள்ளுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அதன்பின் வீட்டில் தட்டு வைக்கும் ஓசையில்கூடப் பகை இருந்தது.

அம்மா சொன்னது மிகையல்ல என்பதை இப்போது நிதானமாக யோசித்தால் விளங்குகிறது. முன்பு ஒவ்வொரு குழியும் அப்பாவின் மணிக்கட்டில் இறங்கியது. ஆகவே குழியைக் கண்டதும் அவர் வேகத்தைக் குறைத்தார். இப்போது குழி அவருக்குத் தெரியவே இல்லை. தனக்கு வலித்தவரை நிதானமாக ஓட்டியவர், வலி நின்றதும் நிதானத்தையும் விட்டுவிட்டார். அதே குழி, முன்னைவிட வேகமாக, முழுவதும் அம்மாவின் முதுகெலும்பில் போய் இறங்கியது. மெல்லப் போகச் சொன்னபோதெல்லாம் "ஒரு ஆட்டம் இல்ல, நீ சும்மா கத்துற" என்றுதான் பதில் வந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலப் பாதை முழுக்கத் தேங்காய் ஓடும் வாழைப்பழத் தோலும் இறைந்து கிடந்தன. சாலை ஓரிடத்தில் அரித்துப்போய்ப் பெரிய பள்ளமாகியிருந்தது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. முன்னால் இருந்த எங்கள் இருவருக்கும் ஊஞ்சல் தாழ்ந்து எழுந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"பாத்தியா பாப்பா, வண்டி இப்பதான் லேசா இழுக்குது!" என்று என் காதருகே குனிந்து பெருமையோடு சொன்னார்.

லேசாக இழுத்ததற்குக் காரணம், பின்னால் ஆள் இல்லை என்பது. சாலையோர டீக்கடையிலிருந்து ஒருவர் அலறினார்: "யோவ்! பொண்டாட்டிய வுட்டுட்டு எங்கய்யா போற?"

திரும்பிப் பார்த்தோம். அம்மா சாலையில் கிடந்தாள். சாப்பாடு சிதறியிருந்தது, வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தியவர், முதலில் குனிந்து அந்தக் குழாய்களில் ஆயில் கசிகிறதா என்று பார்த்தார். பிறகுதான் அம்மாவிடம் வந்தார். வந்தவர் கேட்டது: "கெட்டியா புடிச்சி உக்காரத் தெரியாது உனக்கு?"

அம்மா அழவில்லை. டீக்கடைப் பெண்கள் இருவரின் தோளைப் பற்றி எழுந்தவள், வண்டியில் ஏற மறுத்து, அந்த வழியே வந்த மாட்டுத்தீவன வேனில் மருத்துவமனைக்குப் போனாள்.

கையில் மாவுக்கட்டோடு அவள் செய்த முதல் காரியம் சலீம் பாயின் பட்டறைக்குப் போனதுதான். என்னையும் அழைத்துப்போனாள். அப்பாவும், தடுக்க முடியாமல், கூடவே வந்தார்.

"பாய், என் இடுப்புக்காகத்தான் இத மாத்துனதுன்னு ஊரே சொல்லுது. மாத்தும்போது என்னைப் பத்தி இன்னா பேசுனீங்க?"

பாய் அப்பாவைப் பார்த்தார். "நான் கேட்டேன்மா, எத்தினி பேரு ஓட்டுவீங்கன்னு. சாரு, நான் ஒருத்தன்தான், வேற யாரையும் தொட வுட மாட்டேன்னாரு. சரி, ஆளு ஒருத்தர்தான்னு அந்த வெயிட்டுக்கு ஸ்பிரிங் போட்டுட்டேன்."

"ஓட்டுறவரு ஒருத்தரு. கூட போறவங்க யாருன்னு கேட்டீங்களா?"

"கேக்கலம்மா. பொறவு அவரும் சொல்லல."

"நீ ஓட்டலியே! கேட்டதுக்குத்தான நான் பதில் சொன்னேன்" என்றார் அப்பா, உண்மையான எரிச்சலோடு. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் கொடுமை. வண்டியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அவர் மனதில் எழுந்தபோது, ஓட்டுகிறவரோடு அது முடிந்துபோயிருந்தது. பின்னால் இருப்பவள் சாப்பாட்டுப் பையைப் போல ஏற்றப்படும் ஒன்று.

"இனிமே அந்தப் பதிலே சரிங்க. ஒருத்தராவே ஓட்டிக்குங்க" என்றாள் அம்மா.

கட்டுப் பிரித்ததும் தன் பள்ளியின் திடலில், உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தி பிடித்துக்கொள்ள, மொபெட் பழகினாள். முதல்நாள் தெருவில் அவள் ஓட்டி வந்தபோது, அன்று ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்த அதே ஆண்கள் சீட்டி அடித்தார்கள். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா பல மாதங்கள் அம்மாவோடு பேசவில்லை. அதனால் எதுவும் குறைந்துவிட்டதாக அம்மா காட்டிக்கொள்ளவும் இல்லை.

இன்று அந்தப் பள்ளம் இல்லை, பாதை அகலமாகி வழுவழுவென்று கிடக்கிறது. டீக்கடை இருந்த இடத்தில் தங்கும் விடுதி எழும்பியிருக்கிறது. மிலிட்டரி வண்டியைப் பழைய வண்டிகள் சேகரிப்பவர் ஒருவர் வாங்கிப்போய்விட்டார். அவரிடமும் அப்பா, முன் போர்க்கைத் தடவிக்காட்டி, "எங்க வீட்டம்மாவுக்காக மாத்துனது" என்றே சொன்னார். வாங்க வந்தவர் முன்னாலேயே நான் அதை மறுத்தேன். அப்பா கோபித்துக்கொண்டார். அம்மா பணி ஓய்வு பெறும்வரை வேலைக்குப் போனாள். வண்டியிலிருந்து விழுந்த அந்த நாளுக்குப் பிறகு, எந்த வண்டியிலும் எவர் முதுகுக்குப் பின்னாலும் அவள் உட்காரவில்லை.