மூதூர்க் கிடங்கும் வளைகுடா வானமும்

ஏவுகணைத் தடுப்பைப் பற்றி வெளிநாட்டு நிபுணர்கள் வாதாடுவதைத் தமிழாக்கிச் செய்தித் தளம் ஒன்றுக்குக் கொடுப்பது என் வேலை. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துதான் செய்வேன். ஒருவர், இது எதிரி சுற்றிக்கொண்டு உள்ளே வந்த பழைய பிரெஞ்சு எல்லைக் கோட்டை போல, நம்பினால் கெட்டோம் என்பார். மற்றவர், அன்று உலகப் போருக்கு முன் சர்வாதிகாரிக்கு விட்டுக்கொடுத்தது போல இன்றும் விடலாமா என்பார். கோட்டை மண்ணில் கிடந்தது. இதுவோ பறந்து வருவதைப் பறந்து போய் அடிப்பது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் துறைமுக வாசலில் வெள்ளைக்காரன் கடலைப் பார்த்துப் பீரங்கி வைத்தான், அந்த உலகப் போரில் எதிரியின் குண்டு வானத்தால் வந்தது. அதையும் யாராவது உதாரணம் காட்டியிருந்தால் வேலையையே விட்டிருப்பேன்.

தங்கச்சி வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த நகரத்தை நோக்கி ஏவுகணைகள் வரத் தொடங்கிய அன்று பின்னேரம் அழைத்தாள். சைரன் கேட்கிறது என்றாள். உம்மா என் கையிலிருந்து போனைப் பறித்தார்.

“வீட்டுக்குள்ள நிக்காத மகள். கூரை விழும். வெளிய போய்ப் பள்ளமான இடத்துல குப்புறப் படு.”

மூதூரில் ஷெல் விழுந்த காலத்தில் உம்மா எங்களை அப்படித்தான் காப்பாற்றினார். ஓட்டு வீட்டை விட்டு ஓடி, வீட்டு வளவில் பதுங்குவதற்கு வெட்டிய கிடங்குக்குள் கிடந்தோம். நாங்கள் மூவரும் உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆகவே எனக்கும் அது சரியென்றே பட்டது.

தங்கச்சி சொல் கேட்கிற பிள்ளை. கொங்கிரீட் வீட்டை விட்டு முற்றத்துக்கு ஓடி, மதில் ஓரமாகப் படுத்தாள். வானத்தில் தடுப்பு தன் வேலையைச் செய்தது. அடிபட்ட ஏவுகணையின் துண்டுகள் கீழே விழுந்தன. ஒன்று, அவளுக்குப் பக்கத்தில் நின்ற காரின் கூரையைப் பிளந்தது. கண்ணாடி தெறித்து அவள் கை கிழிந்தது. யன்னல் இல்லாத அறைக்குள் இருந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுமில்லை.

உம்மா அன்று சாப்பிடவில்லை. “நான்தானே புள்ளைய வெளிய அனுப்பின” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த நாள் காலை மறுபடியும் அழைப்பு. சைரன் எங்களுக்கும் கேட்டது.

“உம்மா, இப்ப என்ன செய்ய?”

உம்மா போனை இரண்டு கையாலும் பிடித்தார்.

“அங்க உள்ள ஆக்கள் சொல்றதைக் கேள் மகள். எனக்கு அந்த இடம் தெரியாது.”

எத்தனையோ நிபுணர்களைத் தமிழாக்கியிருக்கிறேன். அந்தக் கடைசி வசனத்தை ஒருநாளும் எழுத வேண்டி வந்ததில்லை.

“ஓம் உம்மா” என்றாள் தங்கச்சி. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.