இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே யானை

அந்த மழைக்காலத்தில் எனக்கு அலுவலகத்தில் வேலையே இல்லை. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு செக்டர் ஃபைவில் இருந்த அலுவலகத்துக்குப் போய் கார்டைத் தேய்ப்பேன். நான்கு முறை டீ குடிப்பேன். லிஃப்ட்டை விட்டுவிட்டு ஒன்பது மாடியும் படியேறுவேன். எங்கும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. திருநெல்வேலியை விட்டுக் கிளம்பியதிலிருந்து எனக்கு இப்படித்தான். புனேயில் இரண்டு வருடம், ஹைதராபாத்தில் இரண்டு வருடம். கொல்கத்தாவில் மட்டும் நான்கு வருடம் ஆகியிருந்தது. காரணம், என் மனைவி.

அவள் இந்த ஊர்க்காரி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய கொள்ளுத்தாத்தா வங்கி வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவள் அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் வங்காளத்துக்கு மாறிவிடுவாள்.

வேலை இல்லாத அந்த நாட்களில்தான் நான் கம்ப்யூட்டரில் ஒரு போர் விளையாட்டைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் காலத்துப் படையையும் எந்தக் காலத்துப் படையோடும் மோதவிடலாம். வேல் பிடித்த ஆயிரம் பேருக்கு எதிரே இருபது இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தலாம். கவசம் போட்ட குதிரைவீரனை டாங்கிக்கு முன்னால் ஓடவிடலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு புள்ளிகள் தருவார்கள். அதற்குள் ஆட்களை எடுத்து, முன்கூட்டியே கட்டளை கொடுத்து, மைதானத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை. போர் தொடங்கிவிட்டால் எதையும் மாற்ற முடியாது, வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம். அந்த வேடிக்கை எனக்குப் போதவில்லை. ஒரு போர் முடிவதற்குள் அடுத்த போருக்கு ஆள் எடுக்க விரல் துடிக்கும்.

அப்போதுதான் சென்னைக்கு மாற்றல் வாய்ப்பு வந்தது. வீட்டில் சொன்னேன். "என் கேஸெல்லாம் இங்க இருக்கு. அங்க வந்து நான் மொதல்லேருந்து யாருக்காவது ஜூனியரா நிக்கணுமா?" என்று கேட்டாள். இரண்டு வாரம் அந்தப் பேச்சை எடுப்பதும் விடுவதுமாக இருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லி ஒரு மெயில் வந்தது. கீழே பச்சை நிறத்தில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். கேன்டீனுக்குப் போய்விட்டு வந்தேன். மறுபடி படித்தேன். ஜன்னலோரம் போய் நின்றேன். திரும்பி வந்து அழுத்திவிட்டேன். அழுத்திய பிறகு அரை மணி நேரம் மனம் அடங்கியிருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அதைச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லிக் கொடு. நாம ரெண்டு பேரும் ஆடலாம். நான் ஜெயிச்சா இங்கியே இருக்கோம். நீ ஜெயிச்சா நான் சென்னைக்கு வரேன், முணுமுணுக்காம."

"விளையாட்டுக்குச் சொல்லுதியா?"

"இல்ல. பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. நான் ஜெயித்துவிட்டால் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லவே வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். "செரி," என்றேன்.

புதிய காலத்துப் படையை நான் எடுத்துக்கொண்டேன். மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கிகள். அவள் பழைய காலத்து ஆட்களை எடுத்து, நடுவில் கும்பலாக நிறுத்தினாள். ஒரு நிமிடத்தில் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒத்தர் விழறதைப் பாத்தும் பின்னாடி வர்றவா நிக்க மாட்டேங்கறாளே."

"அதுக்கு அப்படித்தான் புரோகிராம் எழுதியிருக்கான்."

"தூர்!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். "மூணு ஆட்டம். ஒண்ணுல தீர்ப்பு சொல்றது எந்த கோர்ட்ல?"

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு நிமிட வெற்றி எனக்குத் தெம்பு கொடுத்துவிட்டது. ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் பத்துக் குதிரைவீரர்களை மட்டும் மைதானத்தின் வலது மூலையில் தனியாக நிறுத்தினாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. போர் தொடங்கியதும், அருகில் வந்த அந்தப் பத்துப் பேரை நோக்கி என் துப்பாக்கிகள் எல்லாம் திரும்பின. அதற்குள் இடதுபக்க மேட்டுக்குப் பின்னாலிருந்து யானைகள் வந்துவிட்டன. என் ஆட்கள் மறுபடி திரும்புவதற்குள் சுவர் இல்லை, ஆட்களும் இல்லை. முதல் ஆட்டத்தில் நான் வெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துப்பாக்கிகள் யாரைப் பார்த்துத் திரும்புகின்றன என்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இந்த முறை நான்கு பக்கமும் சுவர் வைத்து, நான்கு பக்கமும் துப்பாக்கி வைத்தேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு தன் படையில் பெரும்பகுதியை மைதானத்தின் கடைசியில், குண்டு எட்டாத தூரத்தில், அசையாமல் காத்திருக்கும் கட்டளையோடு நிறுத்தினாள். போர் தொடங்கியது. அவள் பக்கம் யாரும் நகரவில்லை. எதிரி எட்டவில்லை என்றதும் என் ஆட்கள் ஒவ்வொருவராகச் சுவரைத் தாண்டி வெளியே வந்து, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் நடக்க ஆரம்பித்தார்கள். "போகாதீங்கல, உள்ள போங்கல!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். மைதானத்தின் ஓரக் காட்டுக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த வில்லாளிகள் இரண்டு பக்கமிருந்தும் கிளம்பி வந்து அவர்களை வீழ்த்தினார்கள்.

"உன் ஆளுங்களும் உன்னை மாதிரியேதான். ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறா," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. உடனே டேப் எடுத்து ஜன்னல்களை அளக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கேதான் இருக்கப்போகிறோம் என்றால் நல்ல திரைச்சீலை வேண்டுமாம்.

மழை விட்டதும் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனோம். நடைபாதைக் கடை ஒன்றில் அவள் துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைக்காரரோடு வங்காளத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். ஒரு நீலத் துணியை என் தோள்மேல் போட்டு, "இது படுக்கையறைக்கு, சரியா?" என்று கேட்டாள்.

"நான் சம்மதம் குடுத்துட்டேன்," என்றேன். "சென்னைக்கு."

அவள் கை துணியிலேயே இருந்தது. "எப்போ?"

"வெள்ளிக்கெழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை."

"ஜெயிச்சிருவேன்னு நெனச்சேன்."

கோபத்தில் வங்காளம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மெதுவான தமிழில், "தோத்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே. நான் ஜன்னல் அளந்துண்டிருந்தேன், நீ டேப்போட அந்த முனையைப் பிடிச்சுண்டு நின்னே," என்றாள். பிறகு என் தோளிலிருந்து துணியை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, மடித்துத் தரச் சொன்னாள். வீடு திரும்பும்வரை அவள் ஆட்டோவின் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று திங்கட்கிழமை கேட்டேன். முடியாது என்றார்கள். நான் மட்டும் சென்னைக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டு மாடியறையில் எட்டு மாதம் இருந்தேன். விரும்பிச் சம்மதித்த இடம்தான். போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரமே அங்கும் படியேற ஆரம்பித்துவிட்டேன். அவள் தினமும் போன் செய்தாள். கேஸ்களைப் பற்றிப் பேசினாள், சமையலைப் பற்றிக் கேட்டாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன். அது வராது என்று புரிந்த நாளில், கொல்கத்தாவில் வேறொரு சிறிய கம்பெனிக்கு விண்ணப்பிக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "அழுத்தறதுக்கு முன்னாடி கேக்கறியே," என்றாள்.

சால்ட் லேக்கில் ஒரு சின்ன அலுவலகத்தில் இப்போது வேலை. திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் கால் இன்னும் அடங்கவில்லை. எங்கெங்கோ உள்ள வேலை விளம்பரங்களை இன்னும் திறந்து பார்க்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம், கூடத்தில் அவள் கண்ணெதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். கேஸ் கட்டுகளிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் கேட்பாள்:

"இன்னிக்கு எந்த ஊர்?"

"பெங்களூர்."

"அச்சா. டீ போட்டுட்டுப் போ."